சாட்சியண்ணன் சொல்லாமல் விட்டது

சபையில் அவருக்குச் சாட்சியண்ணன் என்று பெயர். வருடக் கடைசி ஆராதனையில் சாட்சி நேரம் வந்தால், போதகர் கூப்பிடும் முன்பே எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பிவிடும். இருபத்திரண்டு வருடமாக ஒரே சாட்சி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரத்துணி பிழியும் இயந்திரம், உடன் வேலை பார்த்த நண்பனின் வலது கையைக் கொண்டுபோனது. ஒரு நிமிடம் முன்னால் அதே இடத்தில் நின்ற தன்னைக் கர்த்தர் விலக்கி நிறுத்தினார். அன்றே அவசரப் பிரிவின் வாசலில் மண்டியிட்டு இரட்சிப்படைந்தேன் என்பார். குரல் எந்த இடத்தில் உடையும் என்பது ஒலிபெருக்கி பார்ப்பவருக்குக்கூட அத்துப்படி.

கையை இழந்தவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்பான். நெட்டையன் என்றே எல்லாரும் அவனைக் கூப்பிடுவார்கள். முடிந்ததும் இடது கையால் இவர் தோளைத் தட்டி, "இந்த வருஷம் என் கையை நல்லாவே வெட்டுனடா" என்பான். இருவரும் சிரிப்பார்கள்.

மனைவிக்கு மட்டும் இந்தச் சாட்சி அலுத்துவிட்டது. "அன்னைக்கு ரட்சிச்சார், சரி. அதுக்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் கர்த்தர் உங்ககிட்ட சும்மாவா உட்கார்ந்திருக்கார்? புதுசா ஒண்ணும் இல்லையா?" என்று ஒருமுறை கேட்டாள்.

ஜெபத்தில் கண்ணை மூடினால் அவருக்கு ஒரு வெள்ளை தெரியும். அசையாத வெள்ளை. முதல் சில வருடங்கள் அதைத் தேவ பிரசன்னம் என்று நினைத்து அழுதிருக்கிறார். அது என்னவென்று பிறகு தெரிந்துபோனது. அன்றிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார்.

துவைக்கும் இயந்திரத்தை வீட்டுக்குள் விட அவர் சம்மதித்ததே இல்லை. மனைவி கையாலேயே துவைத்தாள். அவளுக்குத் தோள்வலி வந்தபோது மகள் அப்பாவிடம் கேட்காமல் ஒன்றை வாங்கி இறக்கிவிட்டாள். முதல் நாளே குளியலறைப் பக்கமிருந்து மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, இது நின்னாலும் மூடி திறக்க மாட்டேங்குது. வாங்கினவ மாதிரியே பிடிவாதம்."

போய்ப் பார்த்தார். கண்ணாடி மூடிக்குள் வெள்ளைப் படுக்கை விரிப்பு. நின்றுவிட்டது என்று அவள் நினைத்தாள். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளைத் துணி முழு வேகத்தில் சுழலும்போது அசையாமல் கிடப்பது போலத்தான் இருக்கும். அவள் ஒரு கரண்டிக் காம்பை மூடியின் இடுக்கில் விட்டு நெம்பினாள்.

"கையை எடு!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஐந்து விரலும் பதிந்துவிட்டன.

"இப்ப யார் கையைப் பிடிச்சீங்க? என் கையை இல்ல. சொல்லுங்க."

ஈரத் தரையில் உட்கார்ந்து சொன்னார். உள்ளே உருளை நிற்கும் வரை சலவைக்கூட இயந்திரத்தின் மூடி திறக்காது. அதற்கு ஒரு கொக்கி. ஒவ்வொரு தடவையும் நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். நாலு நிமிடத்தை மிச்சம் பிடிக்க, கிழிந்த விரிப்பில் ஒரு துண்டைக் கிழித்து அந்தக் கொக்கியைக் கட்டி வைத்தது இவர். கட்டியிருப்பது தெரிந்தவர்கள் பார்த்துத்தான் கை விடுவார்கள். நெட்டையன் நான்கு நாள் லீவு முடிந்து அன்று காலைதான் வந்திருந்தான். அவனிடம் சொல்ல இவர் மறந்துவிட்டார். மூடி திறந்தது, திறந்தால் நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்? பேசிக்கொண்டே கையை விட்டான். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது கொக்கி சரியாக இருந்தது. கட்டுத்துணி இவருடைய சட்டைப்பையில் இருந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிப் போனார்கள்.

"சட்டைப்பையில அதை வச்சிக்கிட்டுத்தான் மண்டியிட்டேன்" என்றார். "அப்ப அந்த ரட்சிப்பு பொய்யா?"

மனைவி மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு நீங்க புதுசா பிறந்தது நிஜமாத்தான் இருக்கும். பிறந்த பிள்ளை எந்திரிச்சு ஒரு அடி வைக்கலையே. தொட்டிலைக் காட்டியே ஊரை அழ வச்சிருக்கீங்க."

"சொன்னா பேர் போயிடும். அவனும் போயிடுவான்."

"போவார்தான். அடிச்சாலும் அடிப்பார். அதுக்கு ஒரு கை மிச்சம் இருக்கு."

அந்தச் சனிக்கிழமை மதியம் நெட்டையன் வீட்டுக்குப் போனார். விபத்துக்குப் பிறகு மருத்துவமனைத் தகவல் மேசையில் வேலை பார்த்த அவனுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. பலகையில் அடித்த ஆணியில் உருளைக்கிழங்கைக் குத்தி நிறுத்தி, ஒரு கையால் தோல் சீவிக்கொண்டிருந்தான். "வாடா. இன்னும் சாட்சி சீசனே வரல, அதுக்குள்ள வந்துட்ட?"

இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கத்தி நிற்கவில்லை. ஒரு கிழங்கு முடிந்து அடுத்ததைக் குத்தினான்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் என்னை அவசரக்குடுக்கைன்னே திட்டினா" என்றான். "நானும் ஆமாம்மான்னே சொன்னேன். இப்ப அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

இவர் வாயைத் திறந்தார்.

"எந்திரிச்சுப் போ" என்றான், இவர் உட்காரவே இல்லை என்பதைக் கவனிக்காமல்.

மறுநாள் மூன்றாவது வரிசையில் அவன் இடம் காலியாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை இவர் மறுபடி போனார். கதவு பாதி திறந்தது. "மன்னிப்பு வாங்க வந்தியா? சரக்கு தீர்ந்துபோச்சு." கதவு சாத்திக்கொண்டது. படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். அதற்கடுத்த சனியும் அப்படியே. வீட்டில் மனைவி எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அவருக்குச் சாப்பாட்டை மட்டும் சீக்கிரம் எடுத்து வைத்தாள்.

நான்காவது சனி, கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எத்தனை நாளா கட்டி வச்சிருந்த?"

"மூணு நாளா."

"சரி, போ."

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு கேள்வி. யாருக்கெல்லாம் தெரியும்? சூப்பர்வைசர் பார்த்தாரா? நான் மயங்கும்போது என்ன சொன்னேன்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல, அவர் வாரம் முழுக்க அந்தக் கூடத்துக்குள் திரும்பிப் போய் நிற்க வேண்டியிருந்தது. நினைவில் தானே பூசி வைத்திருந்த சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. சாட்சியில் ஓடிப்போய் நண்பனைத் தாங்கிப் பிடித்தவர் இவர். நிஜத்தில் தாங்கிப் பிடித்தது உலர்த்தும் பிரிவுப் பெண்.

வருடம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, "சபையில எழுந்து சொல்லிடவா?" என்று கேட்டார்.

"மறுபடியும் என் கையைத் தூக்கிட்டு மேடைக்குப் போகப் போறியா? முதல்ல எனக்குச் சொல்லி முடி."

கடைசி ஆராதனையில் தலைகள் திரும்பின. அவர் எழுந்திருக்கவில்லை. போதகர் புன்னகையோடு காத்திருந்தார். பிறகு வேறு யாரோ தங்கள் சுகவீனத்தைப் பற்றிச் சொன்னார்கள். வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் இரண்டு பேர் பேசியது அவர் காதில் விழுந்தது.

"சாட்சியண்ணன் விசுவாசத்துல பின்வாங்கிப் போயிட்டார் போல."

"எப்பேர்ப்பட்ட மனுஷன். பாவம், ஜெபத்துல வச்சிக்குவோம்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. அன்று ஜெபத்தில் கண்ணை மூடிப் பார்த்தார். வெள்ளை இருந்தது. ஆனால் நடுவில் ஏதோ அசைந்தது. பயந்து திறந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நெட்டையன் கதவை முழுதாகத் திறந்து ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினான். இளைத்திருந்தான். எதிரே உட்கார்ந்தான்.

"நான் கத்தினப்ப நீ முதல்ல எங்க ஓடுன? என்கிட்டயா, அந்தக் கட்டுகிட்டயா?"

இதுதான் வரும் என்று முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். பழைய பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இருபத்திரண்டு வருடம் சொல்லிப் பழகியது. நெட்டையன் சட்டையின் மடித்துத் தைத்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கட்டுகிட்ட."

நெட்டையன் ஜன்னல் பக்கம் திரும்பினான். மூக்கை உறிஞ்சினான். பிறகு நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்புறம்?" என்றான்.