பதினாறு கைகள்

நிப்பை மைப்புட்டியில் முக்கி, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, இடது கட்டைவிரல் நகத்தில் கோடிழுத்துப் பார்க்கிறார் மஹ்ரீன். கோடு பிசிறில்லாமல் விழுந்தால்தான் நிப் தாளுக்குப் போகும். மேசைக்கு மேலே மாட்டிய செல்போன் வழியாக முந்நூறு பேர் அந்த நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எல்லாரும் இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்கிறார் தலை நிமிராமலே.

வாரத்தில் ஆறு நாள், சிவகாசி வீட்டில் உட்கார்ந்தபடி, ஹைதராபாத் கம்பெனி ஒன்றுக்காகக் கணினியில் கார்ட்டூன் கரடியை நடக்க வைக்கிறார். ஞாயிறு காலை மட்டும் தாளும் மையும், ரசிகர்களுக்கு நேரலை. உங்கள் கைக்குக் கடவுள் தந்த வரம் என்று யாராவது எழுதினால் பொறுக்காது. "வரமெல்லாம் இல்லைங்க. பன்னெண்டு வருசம் குனிஞ்சு வரைஞ்சா உங்களுக்கும் வரும். கூடவே முதுகுவலியும் வரும்." உயிருள்ளதை வரையலாமா என்று ஒருவர் உபதேசித்தார். "பட்டாசு ஆலையில உயிரு கருகிப் போறப்ப எங்கன இருந்தீக?" என்று திருப்பிக் கேட்டார்.

பட்டாசுப் பெட்டியின் மேல் சாமி சிரிக்கும், குழந்தை சிரிக்கும். அதைச் செய்தவளின் படம் இருக்காது. ஆலை வெடித்தால் மட்டும் அவளுடைய 'கவனக்குறைவு' செய்தித்தாளில் வரும். மஹ்ரீனுக்கு எரிச்சல் அங்கேதான். தன் தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கும் எட்டுப் பெண்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, கைகளை மட்டும் வரைந்தார். முகம் தெரிந்தால் வேலை போய்விடுமே என்ற எச்சரிக்கை. நகக்கண்ணில் ஒட்டிய அலுமினியப் பொடி பளபளக்க, அந்த இடத்தில் மை தொடாமல் தாளின் வெள்ளையை அப்படியே விட்டார். சட்டப்படி நாலு பேர் மட்டுமே இருக்க வேண்டிய ஆலை அறைக்குள், அவர்கள் வேலை பார்ப்பது போலவே, பதினாறு கைகளையும் ஒரே படத்தில் வைத்தார். இணையத்தில் படம் ஊரெல்லாம் பரவியது.

பொய்க்கோடு போடத் தெரியாதவர் அங்கேதான் தவறினார். அந்த எட்டுப் பேரில் ஒருவரான வெள்ளைத்தாயின் கோணிய சுண்டுவிரலைக் கோணலாகவே வரைந்திருந்தார். அது யார் கை என்று ஆலைப் போர்மேன் கண்டுபிடித்துவிட்டார். படத்தை நீக்கச் செய்யாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லை என்று வெள்ளைத்தாயிடம் சொல்லிவிட்டார்.

இந்த ஞாயிறு, நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைத்தாய் வந்து நிற்கிறார். விஷயத்தைக் கேட்ட மஹ்ரீன் நேரலையை நிறுத்தக் கை நீட்டுகிறார். வெள்ளைத்தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"எந்தப்புதேன்க்கா. அழிச்சிருதேன். இல்லன்னா விரல நேராக்கிப் போட்டுருதேன்."

"பெரியாஸ்பத்திரி டாக்டரே நேராக்கல. நீ நேராக்கிருவியாக்கும்?"

"வேலை போயிருமேக்கா!"

"போகட்டும். அம்புட்டுப் பேர ஒரே ரூம்புல அடைச்சு வச்சவனுக்கு வேல இருக்கு; அதைக் காட்டுன விரலுக்கு வேல இல்லையா? இவன் இல்லன்னா ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏத்த வேற வேனு வராமலா போகும்?" நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். "கையத்தான் எல்லாரும் பாத்தாச்சுல்லா. மூஞ்சியப் போடு தாயி."

மஹ்ரீன் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்க்கிறார். பிறகு பென்சிலையும் ரப்பரையும் மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடிவிட்டு, புதிய தாளில் நேராக மையிலேயே முதல் கோட்டைப் போடுகிறார்.