குறுக்குப் பட்டையை அப்பால மாட்டு

இந்த ஊரில் காலையில் பாலுக்கு நிற்கிறவன் கடைக்காரனைப் பார்த்து, "பால் கீதா?" என்று கேட்கிறான். கீதா என்று ஒருத்தி பால் ஊற்றுகிறாளாக்கும், அவளைத்தான் ஆளாளுக்குத் தேடுகிறார்கள் என்று வந்த புதிதில் ஒரு மாதம் நினைத்திருந்தேன். 'இருக்கிறதா' என்ற சொல்லைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் துப்பினால் 'கீதா'. திருநெல்வேலியில் ரயிலேறி மறுநாள் இறங்குவதற்குள் தமிழ் இந்தக் கதிக்கு ஆகிவிடுகிறது. நம் ஊர்ச் சங்க மலருக்குப் புலம்பெயர்ந்த அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். சிங்கப்பூர் போனவர்கள் எழுதட்டும், ஆவடிக்கு வந்தவன் என்னத்தை எழுத என்று முதலில் மறுத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். சிங்கப்பூர் போகிறவனுக்கு அங்கே பேசுவது வேறு பாஷை என்று ரயிலேறும்போதே தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாது.

எண்பத்தேழில் வந்தேன். கோவில்பதாகையில் ஒரு போர்ஷன். குழாயில் வருவது தண்ணீரா உப்புக் கரைசலா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் தற்காலிக வேலை. நாங்குநேரிப் பக்கம் அப்பாவுக்குச் சொந்தமாகப் பலசரக்குக் கடை இருந்தது. அதில் உட்காரமாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். "மெட்ராஸ்ல போயி என்னத்தக் கிழிக்கப் போற" என்று அவர் கேட்டது முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. ஐந்து வருடம் கழிந்தும் கிழிக்கவில்லை. கடைசியில் நானே வீம்புக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன்: இந்த வருடத்துக்குள் நிலையான வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வந்து கடையில் உட்காருகிறேன். அப்பா பதில் எழுதவில்லை. கடைக்கு இன்னொரு சாவியை ஒரு தனி வளையத்தில் கோத்து எனக்காக எடுத்து வைத்திருக்கிறார் என்று அம்மா மட்டும் எழுதியிருந்தாள்.

நிலையான வேலைக்கு ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. ஆவடிப் பக்கம் ஒரு பெரிய ஆலையின் தீயணைப்புப் பிரிவில் ஆள் எடுத்தார்கள். எனக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மிச்சம் உடல் தேர்வு. கம்பியைப் பிடித்துத் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பைத் தூக்க வேண்டும். அப்படி எட்டு முறை. எனக்கு இரண்டு வந்தது, மூன்றாவதற்குக் கால்தான் உதைத்தது. இரண்டரை மாதம் இருந்தது.

பக்கத்தில் ஒரு ஜிம் இருந்தது, போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகை, மூன்று பக்கமும் கண்ணாடி. கம்பியில் தொங்குகிறவனைவிடக் கண்ணாடியில் தன் புஜத்தைக் கொஞ்சுகிறவன்தான் அதிகம். இடுப்புக்கு மேலே பயில்வான், கீழே கொக்கு. அவர்களுக்கு நடுவில் நின்று இரண்டோடு மூச்சு வாங்க எனக்கு மனசில்லை. விளையாட்டுச் சாமான் கடையில் ஃபாரின் மாடல் என்று ஒன்றைக் காட்டினார்கள். கையை வைத்ததும் அது கிடுகிடுவென்று ஆடியது. அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்த வெள்ளைக்காரன் மட்டும் ஆடாமல் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரம்மாவிடம் கொல்லை முருங்கையில் ஒரு கம்பி கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முருங்கையில் வேதாளம்தான் தொங்கும், மனுசன் தொங்கினால் கிளை தாங்காது என்றாள். இந்த ஊரில் எனக்குப் புரிகிற தமிழில் சொல்லப்பட்ட முதல் உருப்படியான வார்த்தை அது.

ஆகவே சேக்காட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஏழுமலையிடம் போனேன். பரம்பரையாக அங்கேயே விவசாயம் பார்த்த குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகிவிட, அந்த நிலத்தின் மூலையிலேயே பட்டறை போட்டு, அதில் வீடு கட்டியவர்களுக்கு ஜன்னல் கம்பி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, சிங்கிள் பாரு மட்டும் போதுமா, டபுள் பாரும் வோணுமா?" என்றான். கை ஊன்றி உடம்பை இறக்கி ஏற்ற, இடுப்பு உயரத்தில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்குமே, அதைத்தான் டபுள் பார் என்கிறான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் வைத்துத் தருவதாகச் சொன்னான். என் கையைத் தூக்கச் சொல்லி, விரல் நுனிக்கு மேலே ஒரு சாண் வைத்துச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டான். டேப் எங்கே என்றேன். இதுதான் அளவு என்றான். காட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசல் குறுகல் என்பதால் துண்டு துண்டாகச் செய்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். இரண்டு தூண், அவை நிற்க இரண்டு நீளப் பாதம், மேலே கம்பி, நடுவில் இரண்டு கை, பாதங்களைச் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, ஒரு பை நிறைய போல்ட். ஞாயிற்றுக்கிழமை வந்து தானே பொருத்திக் கொடுப்பதாகச் சொன்னான். பிரஸ் ஷாப்பில் மெஷின் ஓட்டுகிறவனுக்கு நாலு போல்ட் போட இவன் வர வேண்டுமா? வேண்டாம் என்றேன். அவன் பட்டையை மட்டும் தனியாக எடுத்து என் கையில் கொடுத்தான்.

"மத்ததெல்லாம் மொதல்ல மாட்டிக்கோ. இந்தப் பட்டைய மட்டும் அப்பால மாட்டு. அப்பத்தான் ஸ்டெடியா நிக்கும். புரிஞ்சுதா?"

"புரியாம என்ன?" என்றேன்.

நம் ஊரில் அப்பால என்றால் என்ன? எட்டி, அந்தப் பக்கம். 'அப்பால போ' என்றால் நாய்கூட நகர்ந்துபோகும். ஆகவே பட்டையை நான் நிற்கிற பக்கத்துக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக, இரண்டு பாதங்களின் பின்நுனியில் மாட்டினேன். அங்கே சின்னதாகத் துளை இருந்தது, ஆனால் போல்ட் போகவில்லை. அரத்தை எடுத்து ஒரு மணி நேரம் ராவினேன். ராவ ராவ அவன் வம்சத்தையே திட்டினேன். என் மனைவி செல்லம் காப்பியோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"இங்கன முன்னால ரெண்டு ஓட்டை சும்மா கெடக்கே. அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்தா என்ன?"

இந்த ஊர்க்காரனுக்கு ஓட்டை போடுகிற இடத்தில் போடத் தெரியாது, வேண்டாத இடத்தில் போடுவான் என்று விளக்கம் சொன்னேன். அவள் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒன்றரை மாதம் அது என்னைத் தாங்கியது. இரண்டு நான்காகி, நான்கு ஏழாயிற்று. ஏழு வந்த வாரம், தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, ஐந்தாவது முறை மேலே போகையில் முன்பக்கம் பாதங்கள் இரண்டும் விரிந்தன. தூண்கள் சாய்ந்தன. கம்பியோடு சேர்ந்து நான் விழுந்தேன். இடது தோள்பட்டை பிசகியது. வலியைவிட முதலில் வந்தது கோபம்தான். கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நேரே சேக்காட்டுக்குப் போனேன். ஓட்டை ஸ்டாண்டைச் செய்து கொடுத்து என் பிழைப்பைக் கெடுத்துவிட்டாயே என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். ஏழுமலை முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பொறுமையாகக் கேட்டான்.

"அந்தப் பட்டைய அப்பால மாட்டுனியா?"

"அப்பாலதான்வே மாட்டுனேன். செவத்துப் பக்கமா."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வெல்டிங் ராடைக் கீழே வைத்தான்.

"அப்பாலன்னா கடசீல நைனா. எல்லாத்தியும் மாட்டினப்பால, முன்னாடி, அந்த ரெண்டு ஓட்டைல."

சிரித்திருந்தால் நல்ல கையாலேயே அடித்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை. பட்டறைக்குப் படுதாவை இறக்கிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினான். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "புரீலன்னா கேக்கறதுதானே?"

வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷ் புரியவில்லை என்று சொல்லலாம், இந்திக்காரனிடம் இந்தி தெரியாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். ஒரு வெல்டரிடம் போய்த் தமிழ் புரியவில்லை என்று எந்தத் தமிழன் சொல்லுவான்? அதுவும் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன்? அந்தக் கொழுப்புதான் என்னைக் கீழே போட்டது. பாவம், இரும்பு என்ன செய்யும்? ஐந்து வருடமாக இந்த ஊரை நான் கேவலமாகப் பார்த்ததில் பாதி, எனக்குப் புரியாததை மறைக்கத்தான். மீதிப் பாதி நியாயமானது; தண்ணீர் இன்னமும் உப்புத்தான்.

ஏழுமலை பட்டையை முன்னால் மாட்டினான். போல்ட் விரலால் தள்ளவே உள்ளே போயிற்று. பத்து நாள் கையைத் தூக்கவில்லை. மீதி நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினேன். தேர்வன்று ஏழு வந்தது. எட்டாவதற்குப் பாதி வழியில் தோள் விட்டுப்போகும்போல இருந்தது. ஊரில் கடைக்கல்லாவும் அதற்கு மேலே சுருட்டிவைத்த சணல் கயிறும் கண்ணில் தெரிந்தன. எட்டு என்று மேற்பார்வையாளர் சொன்னதற்குப் பிறகும் நான் கம்பியை விடவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

வேலை உத்தரவோடு ஊருக்குப் போனேன். அப்பா அதை இரண்டு முறை படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சாப்பிட்டு எழுந்ததும் சாவி வளையத்தைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் பெஞ்சில் வைத்தார்.

"வேல இருக்கட்டும்ல. கடைய ஒருநா நீதான பாக்கணும். சாவிய வாங்கிக்கிடுதியா?"

அவர் கேட்டது இவ்வளவுதான். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டால் போதும். ஓய்வு பெற்று வந்து பார்த்துக்கொள்கிறேன் அப்பா, அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது ஆவடித் தமிழ்.

"அப்பாலப்பா."

அப்பா சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அறையின் அந்தக் கோடிக்கு நடந்துபோய், ஜன்னலுக்கு மேலே, உட்கார்ந்த இடத்திலிருந்து என் கை எட்டாத பரணில் வைத்துவிட்டு வெளியே போனார். அவரும் என்னைப் போலத்தான். புரியவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது பிறகு என்று அர்த்தம் அப்பா என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பெற்ற தகப்பனிடம் போய் என் தமிழுக்கு அர்த்தம் சொல்வதா என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

போன மாசி மாதம் அப்பா காலமாகிவிட்டார். கடை பூட்டிக் கிடக்கிறது. சாவி அப்பாலதான் இருக்கிறது, எந்த ஊர்த் தமிழில் சொன்னாலும்.