தொண்டையில் நின்ற புத்தகம்

எங்கள் வேலையில் ஒருவர் எப்படி எழுதினார் என்பதைவிட எப்போது செத்தார் என்பதுதான் முக்கியம். செத்து ஐம்பது ஆண்டு கழிந்தால் அவர் புத்தகம் ஊருக்குப் பொது. இணையத்தில் இலவசமாகப் போடலாம். ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார். சம்பளம் கிடையாது. ஜப்பானின் வடக்கே, எங்கள் ஒத்தாரு ஊரில் தட்டச்சு நான், பிழைதிருத்தம் ஹிசாயே அக்கா.

அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முரோய் கென்சாகு என்ற பள்ளி வாத்தியார் எழுதிய ஒரே புத்தகத்தை, அறுநூறு பக்கத்தையும், மூன்று முறை திருத்தினார். துறைமுகத்தில் முதுகில் மீன் சுமந்த பெண்களைப் பற்றியது அது. அக்காவின் அம்மாவும் சுமந்தவர்தான். அந்தப் பெண்களைப் பற்றி வேறு எவனும் ஒரு வரி எழுதவில்லை. நூலகத்திலிருந்த ஒரே பிரதியும் தொட்டால் உதிர்ந்தது. தான் கண்ணை மூடுவதற்குள் அதை எல்லாரும் படிக்க வேண்டும், அக்காவுக்கு வேறு ஆசையே இல்லை.

வாத்தியார் இறந்தது 1968 ஜனவரி ஒன்று. புத்தாண்டு மோச்சி தொண்டையில் அடைத்துக்கொண்டது. பிசினாக ஒட்டும் அந்த அரிசி உருண்டைக்கு வருடா வருடம் சில கிழங்கள் பலியாவது இங்கே வழக்கம்தான். ஐம்பதை எண்ணத் தொடங்குவது செத்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து. அந்தக் கணக்குப்படி 2019 புத்தாண்டன்று புத்தகம் வெளிவர வேண்டும்.

ஐம்பதை எழுபதாக்கும் சட்டம் வரும் வரும் என்று பயமுறுத்திக்கொண்டே இருந்தார்கள். வந்தேவிட்டது, 2018 டிசம்பர் முப்பதாம் தேதி. இரண்டே நாள்! இனி 2039தான். செத்தவரைக் காப்பாற்றுகிறார்களாம்.

அக்கா விடவில்லை. சப்போரோவில் பல் மருத்துவராக இருக்கும் வாத்தியாரின் பேரனைத் தேடிப்பிடித்து, அனுமதி கேட்டுத் தொலைபேசியில் பேசினார்.

"தாத்தா புத்தகமெல்லாம் எழுதியிருக்காரா?" என்றான் அவன். ஒரு வாரம் கழித்து அவனே கூப்பிட்டான். "இன்னும் இருபது வருஷம் உரிமை இருக்குன்னு வக்கீல் சொல்றாரு. சும்மா எதுக்குங்க குடுக்கணும்?"

"நீங்க அதைப் படிச்சுப் பாத்தீங்களா தம்பி?"

"அதுக்கெல்லாம் எங்கேங்க நேரம்?"

மறுநாள் அக்கா என்னை இழுத்துக்கொண்டு வாத்தியார் கல்லறைக்குப் போனார். கல்மேல் கிடந்த பனியைக் கையால் வழித்துத் தள்ளினார்.

"ஏன் வாத்தியாரே, ஒரு நாள் முந்தித் தின்னிருக்கக் கூடாதா? போன புத்தாண்டுக்கே புத்தகம் வந்திருக்குமே. வந்ததை எவனால திரும்பப் பூட்ட முடியும்?"

"அக்கா, செத்தவர்கிட்ட இப்படியா பேசுறது?"

"உயிரோட இருக்கிறவன்கிட்டதான் பேசிப் பாத்தாச்சே!"

எங்களுக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வாத்தியாருக்கோ வாய்க்கு எட்டியது தொண்டையைத் தாண்டவில்லை.

அக்காவுக்கு அப்போது எழுபத்தைந்து. "2039ல தொண்ணூத்தஞ்சு. இருந்து காட்டுறேன் பாரு" என்றார். உப்பைக் குறைத்தார், சாக்கே மதுவை நிறுத்தினார், மோச்சியைத் தொடவே இல்லை. மூன்றாம் குளிர்காலத்தில் வாசல் பனியை வாரும்போது வழுக்கி விழுந்தார். தலையில் அடி. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

புத்தகம் என் கணினியில் கிடக்கிறது, ஒரு பிழைகூட இல்லாமல். அக்கா திருத்திய எழுத்துக்கு உரிமை கொண்டாட எந்தப் பேரனும் வரமாட்டான். வெளியிடத்தான் முடியாது.

எனக்கு இப்போது எழுபது. புத்தாண்டுக்கு மோச்சியைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கித்தான் தின்கிறேன்.