புன்னக்காயலில் நான் சொன்ன ‘க்ராப்’

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. என் தம்பி ஜெபாவின் மாமியார் பாங்காக் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து முதல்முறையாகப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார். பாங்காக்கிலிருந்து கூட வந்திருந்த தம்பிக்கும் அவன் மனைவி நொய்க்கும் அன்று மதுரையில் ஒரு வேலை. நொய்யின் அம்மாவுக்கு ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாற்பது நாளாகக் கைப்பேசியில் தாய்லாந்து மொழி படித்தவன், அதைக் காட்ட வேண்டாமா?

படித்ததெல்லாம் பயணிக்கு வேண்டிய சரக்கு. எண்கள், வழி, எவ்வளவு, எத்தனை மணி நேரம். ‘கின் காவ் ரு யாங்’ என்றால் சாப்பிட்டாச்சா. நம்மைப் போலவே அவர்களும் பார்த்தவுடன் அதைத்தான் கேட்கிறார்கள். ‘க்ராப்’ என்பது ஆண்கள் மரியாதையாகச் சொல்லும் ‘ஆமாங்க’. விருந்தாளி எது சொன்னாலும் ‘சரி சரி’ என்று தலையாட்டி வளர்ந்த நமக்கு ரொம்ப வசதியான சொல்.

காலை 7.10க்குக் கிளம்பினோம். வாடகைக் கார், ஓட்டுநர் முருகேசன், நாள் முழுக்க 3,200 ரூபாய். ஸ்ரீவைகுண்டத்தில் இட்லி, மூன்று பேருக்கு 180. ஏரல் வழியாகக் கொற்கையை எட்டியபோது 9.15. பாண்டியர் துறைமுகம் இருந்த ஊரில் இன்று கடலைக் காணோம், வயலும் வாழையும்தான். நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அம்மா கொட்டாவி விட்டார்.

புன்னக்காயல் வந்ததும் ஆள் மாறிவிட்டார். 10.20 இருக்கும், மீட்டர்படி 62 கிலோமீட்டர். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் படகுகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் நடுவில் போய் உட்கார்ந்தார். ஒரு அரிவாளையும் வாங்கிக்கொண்டார்.

“அண்ணாச்சி, இவிய எந்த ஊரு? நம்மளவிட வெரசா ஆயுதாவளே!” என்றார் ஒரு பெண்.

அரைமணி கழித்து என்னிடம் வந்து அம்மா ஏதோ கேட்டார். நொய், ஜெபா என்ற பெயர்கள் மட்டும் காதில் விழுந்தன. சிரித்துக்கொண்டே “க்ராப்” என்றேன். தரையைச் சுட்டிக் காட்டி இன்னொரு முறை கேட்டார். “க்ராப், க்ராப்.”

முருகேசன் என் பக்கம் குனிந்தார். “அண்ணாச்சி, நீங்க பாட்டுக்குத் தலையாட்டுதீய. அவிய கேக்குதது வெளங்குதா?”

“வெளங்குது வே. நீரு வண்டிய எடும்.”

ஏரலில் மதியச் சாப்பாடு ஆளுக்கு 140 ரூபாய். அம்மா தொடவே இல்லை. காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

மாலை ஆறரைக்கு, மதுரையிலிருந்து திரும்பி அம்மாவிடம் பேசிவிட்டு, நொய் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். பின்னால் ஜெபா. படுக்கையில் கிடக்கும் எங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள, இருவரும் பாங்காக் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட முடிவு செய்திருந்தார்கள். எனக்கும் தெரியும். தாய்லாந்து திரும்பியபின், நொய் பக்கத்தில் உட்கார்ந்து பைய அம்மாவிடம் சொல்வதாக ஏற்பாடு. அம்மா கேட்டது அதைத்தான்: “நொய்யும் ஜெபாவும் இனி இங்கேதான் இருக்கப் போகிறார்களா?” நான் பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டு தடவை ஆமாம் என்றிருக்கிறேன். அதுவும் ஒரே மகளைப் பற்றி.

“அண்ணே, புரியலன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?” என்றான் தம்பி.

‘மை காவ் சாய்.’ முதல் பாடத்தின் முதல் வரி. தெரியாமல் இல்லை. முருகேசன் முன்னால் என் மவுசு குறையக்கூடாதே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

இதே வழியில் போகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் புன்னக்காயல் சேருங்கள், நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் அவசியம். மொழி படிக்கிறவர்களுக்கு: நீங்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், உங்களிடம் கேட்கப்படுவதையும் படியுங்கள். புரியாதபோது புரியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

அம்மா மூன்று நாள் முன்னதாகவே கிளம்பினார். வாகைக்குளம் விமான நிலைய வாசலில் என்னிடம் நின்று நிறுத்தி நிதானமாக இரண்டு கேள்வி கேட்டார். அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர எத்தனை மணி நேரம்? எவ்வளவு ஆகும்? இரண்டும் எனக்கு முழுசாகப் புரிந்தன. பதினைந்து மணி நேரம், போகவரப் பன்னிரண்டாயிரம் பாட் என்று பிசகில்லாமல் சொன்னேன். நான் சரியாகப் பேசிய ஒரே உரையாடல் அதுதான். அம்மா விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தார். பாதியிலேயே கையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.