வண்டி வராத மலை ரோட்டில்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்குள் போகும் குறுகலான தார் ரோடுகளில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டுகிறேன். வண்டியே வராது என்ற தைரியத்தில் இறக்கத்தில் பிரேக்கைத் தொடமாட்டேன். போன மார்கழியில் ஒரு வளைவில் திரும்பினால், ரோடு முழுக்கச் சாமை காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பெண் குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். பிரேக் பிடித்ததும் தானியத்தில் சக்கரம் வழுக்கி, அவர் காலடியில் போய் விழுந்தேன். நல்லவேளை, அவருக்கு அடியில்லை; எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான்.

“ரோட்டுலயா காய வைப்பாங்க?” என்று கத்தினேன்.

“வண்டி வராத ரோடுன்னுதாங்க இங்க கொட்டுனோம். உங்களுது இன்னா, வண்டி இல்லியா?”

சிதறிய சாமையை அவரோடு சேர்ந்து கூட்டி அள்ளினேன்.

இப்போதும் அதே ரோடுதான். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து மணியடிக்கிறேன். “காலி ரோட்டில் யாருக்கு மணி?” என்று கேலி செய்யும் நண்பர்களிடம், “வண்டி வருகிறதே, நான்தான்” என்கிறேன்.