பட்டாபிராமனின் காலிக் கட்டம்

கலியனுக்குப் பட்டாபிராமன் மேல் பதினோரு வருஷத்துக் கடுப்பு. சும்மா வந்து போகிற கடுப்பில்லை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய கடுப்பு. கரக்பூரில் தங்கச்சி மகேஸ்வரி வீட்டுச் சுவரில் அவள் கல்யாண போட்டோ இன்றைக்கும் தொங்குகிறது. ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜனம் மொத்தமும் அதில் நிற்கிறது, பந்தல்காரன்கூட பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வரவேண்டிய அண்ணன்காரன் மட்டும் இல்லை. அந்த நேரம் அவன் கிடர்பூர் துறைமுகத்தில் கம்பெனி குடோனைத் திறந்துகொண்டிருந்தான்.

கேட்டது ரெண்டே நாள். லீவு ஃபாரத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு: 'தாங்கள் இல்லாதபோது தங்கள் வேலையைப் பார்ப்பவர் கையொப்பம்.' குடோன் சாவிக்கு ஆள் கலியன் ஒருத்தன்தான். வேறு எவன் கையெழுத்துப் போடுவான்? பட்டாபிராமன் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "கட்டம் காலியா இருக்கேப்பா" என்று ஃபாரத்தைத் திருப்பித் தள்ளினார். வேலை முடிந்து ரயில் பிடித்துக் கலியன் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டாபிராமன் குடும்பம் பவானிபூருக்கு வந்து மூன்று தலைமுறை. அவருக்குக் கடைத்தெருவில் வங்காளம், வீட்டில் தமிழ், ஆபீஸில் ஒரே வார்த்தை. அந்த வார்த்தையை வைத்தே வங்காளிகள் அவருக்கு 'நா பாபு' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'நா' என்றால் அவர்கள் பாஷையில் 'கிடையாது'. துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கிற அந்தக் கம்பெனியில் லீவு செக்‌ஷன் என்பது அவரும் ஒரு மேஜையும்தான். முப்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

வேலைக்குச் சேரும்போது கொடுக்கிற காகிதத்தில் வருஷத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு லீவு என்று அழகாக அடித்திருக்கும். அது மிட்டாய்க்கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற சந்தேஷ் மாதிரி, பார்த்துக்கொள்ளலாம். எடுக்கப் போனால் பட்டாபிராமன் டைப் அடித்த ரூல் குறுக்கே வரும். எந்த லீவுக்கும் மூன்று நாள் முன்னால் எழுதிக் கொடுக்கவேண்டும், காய்ச்சலுக்கும்தான். ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி எடுத்தால் ஞாயிறும் லீவுக் கணக்கில் போகும். எடுக்காத லீவு மார்ச் கடைசியில் செத்துப்போகும். சரி, மார்ச்சிலாவது எடுப்போம் என்றால் அது வருஷக் கடைசி, எவனும் அசையக் கூடாது. துர்கா பூஜை நெருங்கினால் ஆபீஸில் பாதிப் பேருடைய அத்தைகள் புரியிலும் டார்ஜிலிங்கிலும் ஒரே சமயத்தில் படுக்கையில் விழுவார்கள். பட்டாபிராமன் ஒவ்வொரு அத்தைக்கும் டாக்டர் சீட்டு கேட்பார்.

ஊரைத்தான் இப்படி வதைத்தார், தான் எடுத்துக்கொண்டார் என்று சொல்லவும் வழியில்லை. சம்சாரம் நாகலக்ஷ்மி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஆபீஸ் முடிந்துதான் போவார். ஒருநாள் ஆபீஸ் முடிவதற்குள் அந்த அம்மா முடிந்துபோனாள்.

போன ஆடி மாசம் நாக்பூரிலிருந்து மகள் மாதவி போன் பண்ணினாள். தலைப்பிரசவம். மாப்பிள்ளை கிரீஷ் கப்பலில், கரைக்கு வர இன்னும் மூணு மாசம். "அம்மாவுக்குப் பண்ணின மாதிரி எனக்கும் பண்ணினேன்னா, அப்புறம் என் ஆத்துப்படி ஏறாதேப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதல் தடவையாகப் பட்டாபிராமன் தன் பேருக்கு ஒரு ஃபாரம் எழுதினார். பத்து நாள். எழுதிக்கொண்டு வந்து அந்தக் கட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றார்.

மேனேஜர் சந்தீப் சின்ன வயசுக்காரன். வங்காளி வழக்கப்படி 'தா' என்று அண்ணன் முறை வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பட்டாபி தா, ரூல் உங்களுடையது. நான் எப்படி மீறுவேன்?"

மனுஷன் ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக நடந்தார். ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமையை ஞாபகப்படுத்தினான். ஒருத்தன் தன் காய்ச்சலை ஞாபகப்படுத்தினான். இன்னொருத்தன் மகளுக்கு டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டான். கடைசியில் மழை தேங்கிய முழங்கால் தண்ணியில் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடோன் வாசலுக்கு வந்தார்.

"கலியா, ஒரு உபகாரம் பண்ணணும்."

கலியன் ஃபாரத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தான். "கட்டம் காலியா இருக்கே சார்."

"அதுக்குத்தான் வந்தேன்."

"மகேஸ்வரி கல்யாணத்துக்கு லீவு கேட்டு நானும் உங்ககிட்ட வந்தேனே. அன்னைக்கு அந்தக் கட்டத்துல நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாமே? சாவியத் திருப்பத் தெரியாதா உங்களுக்கு?"

பட்டாபிராமன் காலடியில் ஓடுகிற சாக்கடைத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியும்ப்பா" என்றார்.

இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வார் என்று கலியன் நினைக்கவில்லை. ஏதாவது ரூல் சொல்வார், ரெண்டு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று காத்திருந்தான். "நான் ஆறாங் கிளாஸ், சார். உங்க நாற்காலியில நானா?"

"கம்பெனி ஆளா இருக்கணும்னுதான் ரூல்ல இருக்கு. படிப்பைப் பத்தி ஒண்ணும் போடலை. மறந்துட்டேன்."

கலியன் போட்டான். இரக்கம் பாதி. அந்த நாற்காலியில் பத்து நாள் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்கிற வெறி பாதி.

பட்டாபிராமன் ரயில் ஏறின அன்றைக்கே குடோன் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு மேலே போய் உட்கார்ந்தான். டிராயரில் ரெண்டு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. 'மறுக்கப்பட்டது' தேய்ந்து மொழுக்கையாகியிருந்தது. 'அனுமதி' கடையில் வாங்கினபடி புத்தம் புதுசாக இருந்தது. முதல் நாள் 'அனுமதி'யை எடுத்து ஏழு பேருக்குக் குத்தினான். ஆபீஸே அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தது. ரெண்டாம் நாள் பதினாறு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் லாரிக்குச் சீட்டுப் போட ஆளில்லை என்று சந்தீப் மேலே வந்து கத்தினான். நாலாம் நாள் ஒருத்தன் ஃபாரத்தை நீட்டினபோது, "அத்தைக்கு என்ன உடம்புக்கு? சீட்டு இருக்கா?" என்று கலியன் வாயிலிருந்து தானாக வந்தது. அதற்கப்புறம் 'அனுமதி' டிராயரை விட்டு வெளியே வரவில்லை. டீயும் வரவில்லை. நாற்காலியில் என்னமோ இருக்கிறது என்று கலியன் நினைத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"கலியா, இங்க இன்னும் ஒண்ணும் ஆகலை. தேதி தள்ளிப் போயிண்டே இருக்கு. நாளைக்கு நான் அங்க இருக்கணும். இன்னும் ஒரு அஞ்சு நாள்..."

கலியன் பழக்கதோஷத்தில் ரூல் புத்தகத்தைப் புரட்டினான். "லீவை நீட்டணும்னா ஆள் நேர்ல வந்து ஃபாரம் கொடுக்கணும், சார். ஒன்பதாவது ரூல். அடியில உங்க கையெழுத்துதான் இருக்கு."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போவது கேட்டது. "அப்பா, எங்கயும் போயிடாதே" என்று ஒரு பெண் குரல் கேட்டது. பட்டாபிராமன் அவளுக்கு என்னமோ பதில் சொன்னார். திரும்பிப் போனுக்கு வந்தபோது குரலில் ஆபீஸ் இல்லை.

"கலியா, இடது பக்க டிராயர்ல சிவப்புப் பேனா இருக்கும், எடுத்துக்கோ. நாளையிலேருந்து ரெஜிஸ்டர்ல என் பேருக்கு நேரே ஆப்சென்ட்னு போடு. நான் மத்தவாளுக்குப் போடுவேனே, அதே மாதிரி. நன்னா அழுத்திப் போடு."