பாஸ்ஸுவின் டிக்கியில் போன பை

முப்பத்தோரு வருடம் டாக்சி ஓட்டிய ஹம்முவுக்கு, டிக்கியில் சொந்தமாக ஒரு பை இருந்ததே கிடையாது. அன்று வந்த வினை அதனால்தான்.

மராகேஷ் ஆஸ்பத்திரியில் அவருடைய இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்த ஊர் வர்ஸாஸாத்துக்குப் போகலாம், ஆனால் வண்டி ஓட்டக் கூடாது, சுமை தூக்கக் கூடாது, மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும், மருந்தை உடம்போடு வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ரோஜா நிற மாத்திரையைப் பற்றி மட்டும் இரண்டு தடவை சொன்னார். ஒரு நாள் தவறினாலும் குழாயில் ரத்தம் உறைந்துவிடலாம்.

மராகேஷில் டீச்சராக இருக்கும் மகள் இத்தோ மாத்திரை டப்பாவை அவருடைய அங்கிப் பைக்குள் போட்டு, அதன் வாயில் ஊக்கும் குத்திவிட்டு வேலைக்குப் போனாள். டாக்சி ஸ்டாண்டை நெருங்கியதும் ஹம்மு ஊக்கைக் கழற்றினார். நடக்கும்போது டப்பா கலகலத்தது. ஸ்டாண்டில் இருப்பவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். கண்ணுக்கு லேசர் வைக்கப் போகிறேன் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தார். இதயம் கெட்டவனை நம்பி எந்த பர்மிட் முதலாளி வண்டியைக் கொடுப்பார்? மாத்திரை, மருந்துச் சீட்டு, நெஞ்சு வலித்தால் நாக்கடியில் அடித்துக்கொள்ளும் மருந்து, மூன்றும் துணி வைத்திருந்த கறுப்புப் பைக்குள் போயின. பை, அன்று அவர் பயணியாக ஏறிய டாக்சியின் ஓட்டுநர் பாஸ்ஸுவின் டிக்கிக்குள் போயிற்று.

மலையடிவார ஊரான தத்தார்த்தில் ஆள் மாற்றினார்கள். மராகேஷ் வண்டியும் வர்ஸாஸாத் வண்டியும் பாதி வழியில் சந்தித்தால், பயணிகளை மாற்றிக்கொண்டு அவரவர் ஊர் திரும்புவது அந்த மலைப்பாதை ஓட்டுநர்களின் வழக்கம். ஹம்மு அதை ஆயிரம் தடவை செய்தவர். வண்டி நின்றதும் கை கால் தானாக வேலையில் இறங்கியது.

"அந்தக் குக்கர் பெட்டியை மேல வைக்காதப்பா, நசுங்கிரும்! ஒல்லியா இருக்கிறவங்க பின்னாடி போங்க!"

மற்ற ஐந்து பேரையும், அவர்கள் மூட்டைகளையும், வர்ஸாஸாத்திலிருந்து வந்திருந்த இதிரின் வண்டியில் ஏற்றினார். பாஸ்ஸுவின் வண்டிக் கூரையில் வழக்கம்போல இரண்டு தட்டு தட்டி, "கெளம்புடா" என்றார். இதிர் கொண்டுவந்த ஆட்களோடு பாஸ்ஸு வடக்கே, மராகேஷ் பக்கம் இறங்கினான். ஹம்மு இதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே மலை ஏறினார்.

கணவாய் உச்சியில் மணி பன்னிரண்டு.

"ஓரமா நிறுத்துப்பா. ஒண்ணுக்குப் போகணும்."

இறங்கிக் கொஞ்சம் நடந்தார். காற்று முகத்தில் அறைந்தது. மாத்திரை நேரம். டிக்கியைத் திறந்தார். குக்கர் பெட்டி, இரண்டு மூட்டை, ஒரு சூட்கேஸ். குனிந்து ஓரமெல்லாம் துழாவினார்.

"என்னண்ணே தேடுற?" என்றான் இதிர்.

"பை. என் கறுப்புப் பை."

"அட, ஊர்ப் பையெல்லாம் எண்ணி ஏத்தின, உன் பையை விட்டுட்டியா? கண்ணு சரியாகலபோல."

குக்கர் பெட்டியோடு வந்த பயணி துதா சிரித்தாள். ஹம்மு சிரிக்கவில்லை. இடது தோளுக்குக் கீழே ஓர் இழுப்பு. பயமா, குழாயா? ஸ்டென்ட் வைப்பதற்குச் சில நாள் முன்பும் இப்படித்தான் தொடங்கியது.

பாஸ்ஸுவுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

"சட்டை துணிதானே? நாளைக்கு வாங்கிக்கலாம், ஏறுண்ணே."

"நாளைக்கு ஆகாது."

"அதுல என்ன தங்கமா இருக்கு?"

ஹம்மு டிக்கி விளிம்பில் உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில் வேர்ப்பதைத் துதா பார்த்துவிட்டாள்.

"பொய் சொல்றாரு இந்த ஆளு," என்றாள். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் வேர்த்தாரு. எங்க வலிக்குது?"

ஹம்மு இதிரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கண்ணு இல்லப்பா. நெஞ்சு. உள்ள கம்பி வச்சிருக்காங்க. மாத்திரை அந்தப் பைலதான் இருக்கு."

"மருந்துக் கடையில வாங்கிக்கலாமே?"

"பேரு யாருக்குத் தெரியும்? சீட்டும் அதுலதான்."

"மகளைக் கேளு!"

"அவ கொன்னுடுவா."

"அவளுக்கு வேலை வைக்காம நீயே சாகப் பாக்குற," என்றாள் துதா. அவருடைய போனைப் பிடுங்கி இத்தோவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் நேரம்.

இதிர் வாட்ஸ்அப்பைத் திறந்தான். மலைப்பாதை ஓட்டுநர்கள் அத்தனை பேரும் இருக்கும் குழு. ஹம்முவுக்கு வண்டி கொடுக்கும் பர்மிட் முதலாளி ஹாஜி ஜிலாலியும் அதில் இருந்தார். இதிரின் விரல் நின்றது.

"அண்ணே, இதுல சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

இழுப்பு இன்னொரு தடவை வந்தது.

"சொல்லு."

இதிர் குரல் பதிவு போட்டான். "ஹம்மு அண்ணனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. மருந்துப் பை பாஸ்ஸு டிக்கியில கீழ போகுது. கறுப்புப் பை. எதிர்ல வர்றவங்க அவனை மறிங்க. நாங்க உச்சியில நிக்கிறோம்."

துதா அவரைக் காற்று படாத பக்கம் உட்கார வைத்தாள். "அசையாத. இன்னொரு தடவை வலிச்சா ஆம்புலன்ஸ்தான். பைக்கெல்லாம் காத்திருக்க மாட்டேன்."

எந்தப் பயணியும் முணுமுணுக்கவில்லை. அதுவே ஹம்முவுக்குப் பயமாக இருந்தது. வண்டி தாமதமானால் சண்டைக்கு வரும் ஜனம் அது.

இழுப்பு மெல்லத் தணிந்தது. இதிரின் போனில் குழுவின் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. பாஸ்ஸுவை மறித்தாச்சு. பை ஒரு வெள்ளை வண்டிக்கு மாறியாச்சு. அந்த வண்டி தத்தார்த்தோடு திரும்புகிறது, வேறொருவன் வாங்கிக்கொண்டான். ஹம்மு நாற்பது கிலோமீட்டர் வளைவுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார்.

ஒரு மணி அடித்துப் பத்து நிமிடத்தில் ஹாரனை அமுக்கியபடி ஒரு வண்டி ஏறி வந்தது. ஓட்டுநர் பையோடு ஓடி வந்தான். ஹம்மு கை நீட்டினார்.

"தூக்காதண்ணே! நான் பிரிக்கிறேன்."

கண்ணைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை.

ரோஜா நிற மாத்திரை ஹம்முவின் உள்ளங்கைக்கு வந்தது. துதா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். அந்த நேரம் இதிரின் போன் மறுபடி ஒலித்தது. அவன் திரையைப் பார்த்துவிட்டு ஹம்முவைப் பார்த்தான்.

"ஹாஜி ஜிலாலி. உனக்குத்தான் பேசி அனுப்பியிருக்காரு. போடவா?"

"மொதல்ல மாத்திரை இறங்கட்டும்," என்றார் ஹம்மு.